ஆர்ஜிபி கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யுஎஸ்பி-யில் இருந்து கழன்றுவிடுகிறது, எர்ரர் -71 (குன்னூர்) [தீர்ந்தது]

குன்னூர்_ஸ்டுடியோ | திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன். எடிட்டிங் சிஸ்டம் நானே அசெம்பிள் பண்ணது, உபுண்டு போட்டிருக்கேன். அதுல ஒரு ஆர்ஜிபி கன்ட்ரோலர் (எல்இடி நிறத்தைக் கட்டுப்படுத்துற சின்ன போர்டு) இருக்கு. ரெண்டு சேனல், சேனலுக்கு 60 எல்இடி பட்டை ஒண்ணு, மொத்தம் 120. பட்டை ரெண்டையும் மானிட்டருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கேன். சுவர்ல சீரான வெள்ளை வெளிச்சம் இருந்தாத்தான் கல்யாண ஆல்பத்துல முகத்தோட நிறத்தைச் சரியாப் பார்க்க முடியுது, அலங்காரத்துக்கு இல்ல.

கன்ட்ரோலருக்கு கரண்ட் எஸ்எம்பிஎஸ்-ல (சிஸ்டத்தோட பவர் சப்ளை) இருந்து சாட்டா பவர் வயர் வழியா வருது. மதர்போர்டுக்கு 9 பின் யுஎஸ்பி வயர் தனியாப் போகுது.

கம்பெனி சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும்தான். ஓப்பன்ஆர்ஜிபி-ல (பல கம்பெனி போர்டையும் ஓட்டுற இலவச சாஃப்ட்வேர்) இந்த மாடல் இல்ல. விண்டோஸ்ல ஒருத்தர் பிடிச்சு வெச்சிருந்த சின்ன கேப்சரை (யுஎஸ்பி வயர்ல போன பைட்டுகளோட பதிவு) பார்த்து, பைத்தான்ல ஹிட்ஏபிஐ (யுஎஸ்பி டிவைஸோட பேசுற லைப்ரரி) வெச்சு நானே ஸ்கிரிப்ட் எழுதினேன், இழையோட சேர்த்திருக்கேன். பாக்கெட் 64 பைட். முதல் பைட் சேனல் (00 இல்ல 01), ரெண்டாவது கட்டளை, மூணாவது எந்த எல்இடி-ல இருந்து, நாலாவது எத்தனை. மிச்சம் 60 பைட் நிறம், அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 20 எல்இடி.

பிரச்சனை ரெண்டு.

ஒண்ணு, ரெண்டாவது பட்டை நான் சொல்றபடி எரியுது. முதல் பட்டை ஸ்கிரிப்ட் ஆரம்பிச்சதும் அணைஞ்சுடுது, அப்புறம் அசையவே மாட்டேங்குது.

ரெண்டு, சரியா பத்து நிமிஷம் போனதும் கன்ட்ரோலர் யுஎஸ்பி-ல இருந்தே கழன்றுடுது. டிமெசேஜ்ல (கெர்னலோட பதிவு) முதல்ல "டிஸ்கனெக்ட்", அடுத்து "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எர்ரர் -71" ரெண்டு மூணு தடவை, அப்புறம் புது டிவைஸ் நம்பரோட திரும்ப வருது, ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டுற வரைக்கும் கம்பெனி வானவில் ஓடுது. காலைல 4-ஆ இருந்தது இப்ப 19.

ஸ்கிரிப்ட்ல ஸ்லீப் (பாக்கெட்டுக்கு நடுவுல காத்திருக்கிற நேரம்) கூட்டிப் பார்த்தேன், மதர்போர்டுல வேற யுஎஸ்பி ஹெட்டர்ல மாட்டிப் பார்த்தேன், கெர்னலும் மாத்தினேன். புதுசு வாங்கணும்னா கோயம்புத்தூர் இறங்கணும், இந்த ஐப்பசி மழைல அது ஒரு முழு நாள் வேலை. அதுக்கு முன்னாடி என்ன பார்க்கலாம்னு சொல்லுங்க.


ஊட்டி_பிசி | திங்கள், இரவு 10.31

எங்கிட்டயும் இப்படி ஒண்ணு வந்தது. போர்டு போயிடுச்சு. மாத்திடுங்க.


கோத்தகிரி_லினக்ஸ் | திங்கள், இரவு 11.05

மாத்துறதை கடைசியா வெச்சுக்கலாங்க. கழன்ற போர்டு திரும்பவும் வருது, வேலையும் செய்யுது. போன போர்டு அப்படி வராது.

எர்ரர் நம்பர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சேதி. -32 வந்தா டிவைஸ் உயிரோட இருக்கு, நம்ம கட்டளை அதுக்குப் பிடிக்காம "முடியாது"ன்னு சொல்லுது. அப்ப தப்பு நம்ம கோட்ல. -110 வந்தா கேட்டதுக்கு பதிலே வரல, நேரம் முடிஞ்சது. -71 வேற. பேச்சே கலைஞ்சு வருது, வயர்ல வர்ற சிக்னலை ஹோஸ்ட்டால பேச்சுன்னே எடுத்துக்க முடியல. -71-க்கு பெரும்பாலும் வயர், கனெக்டர், கரண்ட் இந்த மூணுல ஒண்ணுதான் காரணம். அதனால ஸ்கிரிப்ட்ல ஸ்லீப் கூட்டுறதை இப்போதைக்கு நிறுத்துங்க.

ஆனா உங்க முதல் பிரச்சனை வேற வகை. ரெண்டையும் ஒரே முடிச்சா போட்டுக்காதீங்க.

முதல்ல ரெண்டு சந்தேகத்தை ஒதுக்கிடலாம். பவர்டாப் (கரண்ட் மிச்சப்படுத்துற கருவி) ஆட்டோட்யூன் எப்பவாவது போட்டீங்களா? போட்டிருந்தா அது யுஎஸ்பி டிவைஸ்களைத் தூங்க வெச்சிருக்கும். சிஸ்எஃப்எஸ்-ல (கெர்னல் செட்டிங் ஃபைலா தெரியுற இடம்) அந்த டிவைஸோட பவர் கன்ட்ரோல் "ஆட்டோ"ன்னு இருந்தா "ஆன்" ஆக்குங்க. அடுத்து, ஓப்பன்ஆர்ஜிபி சர்வர் பின்னாடி ஓடுதான்னு பாருங்க. ஒரே ஹிட்ரா ஃபைலை (டிவைஸோட பேச லினக்ஸ் தர்ற வாசல்) ரெண்டு புரோகிராம் திறந்து வெச்சு ஆளுக்கொரு நிறம் அனுப்பினா எதையும் நம்ப முடியாது.

அப்புறம் யுஎஸ்பிமான் மாட்யூலை (யுஎஸ்பி பேச்சைப் பதிவு பண்ற கெர்னல் பகுதி) லோட் பண்ணி, வயர்ஷார்க்ல (அந்தப் பதிவைக் காட்டுற புரோகிராம்) கன்ட்ரோலர் இருக்கிற யுஎஸ்பி பஸ்ஸைப் பிடிங்க. பஸ் நம்பர் எல்எஸ்யுஎஸ்பி-ல தெரியும். டிவைஸ் நம்பர் வெச்சு ஃபில்டர் போடாதீங்க, கழன்று வந்ததும் நம்பர் மாறிடும், திரை காலியா நிக்கும். சேனல் 00-க்கு ஒரு பாக்கெட், சேனல் 01-க்கு ஒரு பாக்கெட், ரெண்டு மட்டும் அனுப்பி, அந்த ரெண்டு வரியை இங்க போடுங்க.


குன்னூர்_ஸ்டுடியோ | செவ்வாய், காலை 7.20

ராத்திரி கரண்ட் போயிடுச்சு, இப்பத்தான் பார்த்தேன்.

பவர் "ஆன்"லதான் இருக்கு. ஓப்பன்ஆர்ஜிபி சர்வர் ஓடிட்டு இருந்தது, நிறுத்திட்டேன். ஆனா எதுவும் மாறல.

கேப்சர்ல ஒண்ணு கண்ல பட்டது. சேனல் 01 பாக்கெட் போறப்ப யுஆர்பி லெங்த் (போற பைட் எண்ணிக்கை) 64. சேனல் 00 பாக்கெட் போறப்ப 63. ஸ்கிரிப்ட்ல ரெண்டுக்கும் 64 பைட்தான் கட்டறேன், மூணு தடவை பிரிண்ட் போட்டு எண்ணிட்டேன். வயர்ல ஒண்ணு குறையுது. 00 பாக்கெட்டோட முதல் பைட்டா சேனலுக்குப் பதில் கட்டளை பைட் நிக்குது.


கோத்தகிரி_லினக்ஸ் | செவ்வாய், காலை 7.48

அந்த 63-தான் உங்க முதல் பிரச்சனை. நல்லாப் பிடிச்சீங்க.

ஹிட் டிவைஸ்ல (கீபோர்டு, மவுஸ் சேர்ந்த யுஎஸ்பி வகை, உங்க கன்ட்ரோலரும் அதுதான்) ரிப்போர்ட்டுக்கு, அதாவது பாக்கெட்டுக்கு, நம்பர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுதுல இல்ல. இல்லாட்டியும் ஹிட்ஏபிஐ-ல எழுதும்போது முதல் பைட்டை ரிப்போர்ட் நம்பருக்குன்னு ஒதுக்கணும், நம்பர் இல்லாத டிவைஸுக்கு அது 00. லினக்ஸ் கெர்னல் முதல் பைட்டைப் பார்க்கும். 00-ஆ இருந்தா "இது நம்பர் இல்லாத ரிப்போர்ட்"னு அதை உருவிட்டு மிச்சத்தை அனுப்பும். 00 இல்லாட்டி அப்படியே அனுப்பிடும்.

நீங்க அந்த இடத்தை ஒதுக்கல. சேனல் 01 பாக்கெட்டோட முதல் பைட் 01, கெர்னல் கையே வைக்கல, போய்ச் சேர்ந்தது. சேனல் 00 பாக்கெட்டோட முதல் பைட் 00, அதை ரிப்போர்ட் நம்பர்னு எடுத்துக்கிட்டு உருவிடுச்சு. மிச்சம் எல்லாம் ஒரு இடம் முன்னாடி நகர்ந்து போய், கன்ட்ரோலருக்கு ஒண்ணும் புரியல. பாதி வேலை செய்யுதுங்கிறதாலதான் இந்தத் தப்பு இவ்வளவு நாள் கண்ல படாம ஒளிஞ்சிருக்கு. விண்டோஸ்ல இதே ஸ்கிரிப்டை ஓட்டியிருந்தா ரெண்டு பட்டையுமே நின்னிருக்கும், அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

எல்லாப் பாக்கெட்டுக்கும் முன்னாடி ஒரு 00 சேருங்க. ஸ்கிரிப்ட்ல 65, வயர்ல 64. வயர்ஷார்க்ல பார்க்கிறதை அப்படியே காப்பி பண்ணி எழுதுறவங்க எல்லாரும் இந்த இடத்துல ஒரு தடவை நிப்பாங்க, ஏன்னா உருவின பைட் வயர்ஷார்க்ல தெரியாது.

வேற கன்ட்ரோலர் வெச்சிருக்கிறவங்களுக்காக இன்னொண்ணு. எல்லாமே உங்களுது மாதிரி இன்டரப்ட் அவுட்ங்கிற யுஎஸ்பி வழியா போகாது. சிலது கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர்ல செட் ரிப்போர்ட்டா போகும். கேப்சர்ல 21, அடுத்து 09 பார்த்தா அதுதான். அதுக்கடுத்த வேல்யூல 02-ன்னா அவுட்புட் ரிப்போர்ட், 03-ன்னா ஃபீச்சர் ரிப்போர்ட். ஃபீச்சர்னா ஹிட்ஏபிஐ-ல சாதாரண ரைட் கூப்பிட்டா வேலைக்கு ஆகாது, அதுக்கு தனி ஃபங்க்ஷன் இருக்கு.


குன்னூர்_ஸ்டுடியோ | செவ்வாய், மதியம் 1.10

அண்ணா, முதல் பட்டை எரிஞ்சிடுச்சு! ரெண்டு மாசமா அசையாத பட்டை. ரொம்ப நன்றிங்க.

ஆனா இன்னொண்ணு மோசமாயிடுச்சு. முன்னாடி பத்து நிமிஷம் தாங்கும். இப்ப ரெண்டு பட்டையிலயும் வெள்ளை போட்டா ஒரு நிமிஷம்கூட நிக்கல, எர்ரர் -71, கழன்றுடுது. 00 சேர்த்ததுல எதாவது தப்பு பண்ணிட்டேனா? வயர்ல ரெண்டும் 64-ன்னுதான் காட்டுது.


கூடலூர்_மழை | செவ்வாய், மதியம் 2.02

அதே கன்ட்ரோலர் எங்கிட்ட இருக்கு, விண்டோஸ்ல கம்பெனி சாஃப்ட்வேரோட. ஒரு வருஷமா ஒரு தடவைகூட கழன்றதில்ல. ரெண்டு சேனல்லயும் வெள்ளை போட்டிருக்கேன். சாஃப்ட்வேர் எதாவது கீப்அலைவ் (கனெக்ஷன் விடாம இருக்க அடிக்கடி போற பாக்கெட்) மாதிரி அனுப்புதோ? வேணும்னா யுஎஸ்பிபிகேப் (விண்டோஸ்ல யுஎஸ்பி கேப்சர் எடுக்கிற கருவி) போட்டு கேப்சர் எடுத்துத் தரேன்.

உங்க ஸ்கிரிப்டை நானும் எடுத்துக்கலாமான்னு பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பின்னாடி ஒரு கட்டளை போகுதே, அது என்ன? கேப்சர்ல சாஃப்ட்வேரை மூடும்போது மட்டும்தான் அது வரும்னு ஞாபகம்.


கொடை_சாலிடர் | செவ்வாய், மாலை 4.30

கொடைக்கானல்ல போர்டு ரிப்பேர் பண்றேன். காலைல இருந்து படிச்சிட்டு இருந்தேன், இப்பத்தான் கை ஒழிஞ்சது. ரெண்டு விஷயம், முதல்ல அவசரமானது.

கூடலூர் தம்பி கேட்டது ரொம்ப முக்கியம். சாஃப்ட்வேரை மூடும்போது மட்டும் போற கட்டளைன்னா அது "சேவ்"ஆத்தான் இருக்கும். நிறத்தை கன்ட்ரோலரோட ஃபிளாஷ்ல எழுதி வைக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் ஃபிளாஷுக்கு வழக்கமா 10,000 தடவைதான் உத்தரவாதம். செகண்டுக்கு 30 ஃபிரேம் ஓட்டி ஒவ்வொண்ணுக்கும் சேவ் அனுப்பினா அந்தக் கணக்கு ஐந்தரை நிமிஷத்துல தீர்ந்துடும். குன்னூர் தம்பி, அந்த வரியை இந்த நிமிஷமே எடுத்துடுங்க. என்னன்னு தெரியாத கட்டளையை "கேப்சர்ல இருந்தது"ன்னு திரும்ப அனுப்பவே கூடாது. அதுல ஃபர்ம்வேர் அழிக்கிற கட்டளையும் இருக்கலாம்.

இப்ப -71. தம்பி, நீங்க தப்பு எதுவும் பண்ணல. முதல் பட்டை எரிய ஆரம்பிச்சதும் சீக்கிரமா விழுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, இந்த இழையிலயே நல்ல தடயம் அதுதான். 60 எல்இடி-ல பத்து நிமிஷம், 120-ல ஒரு நிமிஷம். சுமை ஏறினதும் நேரம் குறையுது. விழுந்து எழுந்ததும் கம்பெனி வானவில் ஓடும்னு சொன்னீங்க. முழு வெள்ளைல மூணு நிறமும் எரியும், வானவில் ஏறக்குறைய பாதி கரண்ட்தான் எடுக்கும். சுமை இறங்கினதும் கன்ட்ரோலர் பிழைச்சுக்குது.

கணக்கு பாருங்க. இந்த வகை எல்இடி-ல ஒரு நிறத்துக்கு 20 மில்லிஆம்பியர், முழு வெள்ளைக்கு 60. பட்டை ஒண்ணுக்கு 3.6 ஆம்பியர், ரெண்டுக்கும் 7.2. சாட்டா பவர் கனெக்டர்ல 5 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5. ரெண்டு பட்டையும் முழு வெள்ளை எரிஞ்சா கனெக்டர் தாங்குற அளவைத் தாண்டிப் போறீங்க.

ஆனா ஒத்தைப் பட்டைக்கே விழுந்திருக்கு. 3.6 ஆம்பியருக்கு விழக் கூடாது. அதனால வேற ஒண்ணும் இருக்கணும். மல்டிமீட்டர் இருக்கா? பழையபடி ரெண்டாவது பட்டை மட்டும் எரிய விடுங்க. சிவப்பு வயருக்கும் கருப்பு வயருக்கும் நடுவுல ரெண்டு இடத்துல அளக்கணும்: எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒண்ணு, கன்ட்ரோலர் பக்கம் ஒண்ணு. சிவப்பு நிறத்துல ஒரு தடவை, வெள்ளைல ஒரு தடவை. புரோப் முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடாம பார்த்துக்கோங்க, பக்கத்து மஞ்சள் வயர் 12 வோல்ட்.


குன்னூர்_ஸ்டுடியோ | செவ்வாய், இரவு 9.55

சேவ் வரியை எடுத்துட்டேன்க்கா. அது என்னன்னு தெரியாமத்தான் வெச்சிருந்தேன்.

அளந்தேன். எஸ்எம்பிஎஸ் பக்கம் எப்பவுமே 4.98. கன்ட்ரோலர் பக்கம் சிவப்புல 4.76, வெள்ளைல 4.31.

நடுவுல ஒண்ணை ரெண்டாக்குற ஸ்பிளிட்டர் ஒண்ணு இருக்கு, ஹார்டு டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் பிரியுது. அதோட கன்ட்ரோலர் பக்க முனையை அளக்கும்போது விரல் பட்டது, சுட்டுடுச்சு.


கொடை_சாலிடர் | செவ்வாய், இரவு 10.20

சிஸ்டத்தை ஆஃப் பண்ணிடுங்க. இன்னிக்கு ராத்திரி ஓட்ட வேண்டாம்.

வெள்ளைல 0.67 வோல்ட் வழியிலேயே போகுது. 3.6 ஆம்பியரோட பெருக்கினா 2.4 வாட். நகக்கண் அளவு உள்ள பின் மேல அவ்வளவு சூடும் இறங்குது. சிவப்புல கரண்ட் மூணுல ஒரு பங்கு, இறக்கமும் 0.22, மூணுல ஒரு பங்கு. கணக்கு இவ்வளவு நேரா வந்தா அது வழியில இருக்கிற தடை, சுட்ட இடத்தைப் பார்த்தா ஒரு மோசமான தொடுப்பு. ரெண்டு பட்டைக்கும் வெள்ளை கொடுத்தப்ப கன்ட்ரோலருக்கு 3.6 வோல்ட் பக்கம்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அதுக்குள்ள இருக்கிற சிப் 3.3-ல ஓடுறது. அந்த நிலைமைல யுஎஸ்பி-ல எப்படிப் பேசும்? -71 அங்கதான் பிறக்குது.

ஸ்பிளிட்டரைக் கழட்டி, டார்ச் அடிச்சு பின்னைப் பாருங்க.


குன்னூர்_ஸ்டுடியோ | புதன், காலை 8.05

பார்த்தேன்க்கா. 15 பின்ல நடு மூணுதானே 5 வோல்ட். அதுல ரெண்டு கறுத்துப் போயிருக்கு, ஓரத்துல பச்சையா களிம்பு ஏறியிருக்கு. மூணாவது மட்டும்தான் பளபளன்னு இருக்கு. அந்த ரெண்டு பின் பக்கத்து பிளாஸ்டிக் லேசா இளகி மஞ்சளாயிருக்கு. மொத்தச் சுமையையும் அந்த ஒரே பின் தாங்கியிருக்கும்போல.

கேபினெட் ஜன்னல் பக்கத்துலதான் இருக்கு. சாயங்காலம் மூணு மணிக்கு மேல மஞ்சு உள்ள வந்து மேஜையெல்லாம் ஈரமாயிடும். துடைச்சிட்டே இருப்பேன், ஆனா கேபினெட்டுக்குள்ள என்ன ஆகுதுன்னு யோசிச்சதில்ல.


கொடை_சாலிடர் | புதன், காலை 9.15

எங்க ஊர் 7,000 அடி, உங்களுது ஆறாயிரம் சொச்சம். கீழ நாலு அஞ்சு வருஷம் உழைக்கிற கனெக்டர் இங்க ஒரு மழைக்காலத்துல களிம்பு ஏறி வர்றதை நான் வாரம் ஒண்ணு பார்க்கிறேன். ஓடிட்டு இருக்கிற சிஸ்டத்துக்கு அவ்வளவா வராது, உள்ள இருக்கிற சூட்டுல ஈரம் தங்காது. ராத்திரி அணைச்சு, குளிர்ந்த இரும்பு மேல விடியக்காலைல ஈரக் காத்து பட்டா பனி மாதிரி பூக்கும். அதுதான் கெடுக்கும். ஜன்னலை விட்டு நாலடி தள்ளி வைங்க, தரைல வைக்காதீங்க. ஒரு வாரம் பூட்டிட்டு ஊருக்குப் போய் வந்தா, ஆன் பண்றதுக்கு முன்னாடி அறையை ஒரு மணி நேரம் சூடேத்துங்க.

அந்த ஸ்பிளிட்டரை ஐபிஏ (துடைக்கிற ஆல்கஹால்) போட்டுத் துடைச்சு திரும்ப மாட்டலாம்னு நினைக்காதீங்க. பிளாஸ்டிக் இளகின கனெக்டரை நான் திரும்ப மாட்டவே மாட்டேன். எஸ்எம்பிஎஸ்-ல இருந்து நேரா வர்ற சாட்டா முனை காலியா இருந்தா அதையே கன்ட்ரோலருக்குக் கொடுங்க. புதுசு வாங்கினா பின்னை ஒரே வார்ப்பா பிளாஸ்டிக்ல ஊத்தினது வேண்டாம், வயர் தனித்தனியா கிரிம்ப் பண்ணி செருகினது பார்த்து வாங்குங்க. வார்ப்புல ஊத்தினது உள்ளேயே ஷார்ட் ஆகிப் புகைஞ்சதைப் பார்த்திருக்கேன்.


கூடலூர்_மழை | புதன், மதியம் 12.40

கேப்சர் எடுத்துட்டேன். கீப்அலைவ் எதுவும் இல்ல. ஆனா இதைப் பாருங்க. சாஃப்ட்வேர்ல வெள்ளை, பிரகாசம் நூறு சதவீதம்னு வெச்சேன். வயர்ல எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப்-னு வரும்னு எதிர்பார்த்தேன். வந்தது 99 99 99. எத்தனை தடவை மாத்தி வெச்சாலும் வெள்ளைக்கு 99-ஐத் தாண்டல. சிவப்பு மட்டும் போட்டா எஃப்எஃப் முழுசா போகுது.


கோத்தகிரி_லினக்ஸ் | புதன், மதியம் 1.05

பதினாறு அடிமானத்துல 99-ன்னா 153. 255-ல 60 சதவீதம். 7.2-ல 60 சதவீதம் 4.32 ஆம்பியர். அக்கா சொன்ன 4.5-க்குள்ள சரியா அடங்குது.

கம்பெனிக்காரங்களுக்குக் கனெக்டரோட அளவு தெரிஞ்சிருக்கு. ஆனா அந்த வரம்பை கன்ட்ரோலர் ஃபர்ம்வேர்ல வைக்காம விண்டோஸ் சாஃப்ட்வேர்ல வெச்சிருக்காங்க. எனக்கு இது மனசுக்கு ஒப்பல. ஃபர்ம்வேர்ல இருந்திருந்தா யார் எந்த புரோகிராம்ல இருந்து என்ன அனுப்பினாலும் ஒரு கனெக்டர் இளகியிருக்காது. நம்மளை மாதிரி தனியா எழுதுறவங்க அந்த வரம்பையும் சேர்த்து எழுதணும். ஸ்கிரிப்ட்ல மூணு நிறத்தையும் கூட்டி, 459-ஐத் தாண்டினா அதே விகிதத்துல இறக்குங்க. தனிச் சிவப்புக்கு எதுவும் குறையாது.

அப்படியே யுடெவ் ரூலும் (டிவைஸ் மாட்டினதும் யாருக்கு அனுமதின்னு சொல்ற ஃபைல்) எழுதிடுங்க. சூடோ (அட்மின் அனுமதி) போட்டு ஓட்டுறீங்கன்னு நினைக்கிறேன், அது வேண்டாம். ஐடிவெண்டர், ஐடிபிராடக்ட் ரெண்டையும் பொருத்தி, டேக்ல யுஆக்சஸ் சேருங்க. ஃபைல் பேர் 73-க்குக் கீழ உள்ள நம்பர்ல தொடங்கணும், 60-ன்னு வெச்சுக்கலாம். 99-ன்னு வெச்சா அந்த டேக் வேலை செய்யாது, பல பேர் இதுல ஒரு நாளை விட்டிருக்காங்க. ஹிட்ரா நம்பர் ஒவ்வொரு பூட்டுக்கும் மாறலாம், அதனால சிம்லிங்க் (மாறாத பேர்) ஒண்ணும் கொடுத்துடுங்க.


ஊட்டி_பிசி | புதன், மாலை 6.30

நான் மாத்தின போர்டு இன்னும் கடைல கிடக்கு. அதையும் அளந்து பார்க்கிறேன். ஸ்பிளிட்டர் அப்பவும் இருந்தது.


குன்னூர்_ஸ்டுடியோ | சனி, காலை 10.45

சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். காலியா இருந்த சாட்டா முனைல நேரா மாட்டிட்டேன். வெள்ளை 99-ல நிறுத்தியிருக்கேன். ரெண்டு பட்டையும் எரியும்போது கன்ட்ரோலர் பக்கம் 4.91. கனெக்டர் மேல விரலை வெச்சுட்டே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், சுடல.

வெளிச்சம் முன்னை விடக் குறைஞ்சிருக்கு. அதுக்கேத்த மாதிரி மானிட்டர் பிரகாசத்தை இறக்கினேன், ராத்திரி வேலைக்குக் கண்ணுக்கு இதுவே நல்லா இருக்கு. கேபினெட்டை உள் சுவர் பக்கம் தள்ளியாச்சு. திருத்தின ஸ்கிரிப்டையும் ரூலையும் இழையோட சேர்த்திருக்கேன். கூடலூர் தம்பி, சேவ் கட்டளை இப்ப தனி ஃபங்க்ஷன், நீங்களா கூப்பிட்டாத்தான் போகும்.

நேத்து ஒரு கல்யாண ஆல்பம், சாயங்காலம் ஆறுல இருந்து விடியக்காலை மூணு வரைக்கும் விடாம எரிஞ்சது. டிமெசேஜ்ல புதுசா ஒரு வரிகூட இல்ல. டிவைஸ் நம்பர் இன்னும் 4.